பானட்டு அண்ணாச்சியின் ஏழாம் நம்பர் கார்

உலகத்திலேயே மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாதஸ்வர வித்வானை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வைத்த ஒரே மனிதர் எங்கள் சங்கரன்கோவில் பானட்டு அண்ணாச்சிதான். மறுப்பவர்கள் மறுக்கலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் அந்த ஊர்வலத்தின் மாப்பிள்ளை நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய மோட்டார் ரிப்பேர்க் கொட்டகைக்கு எப்போது போனாலும் தலை ஏதாவது ஒரு வண்டியின் பானட்டுக்குள் இருக்கும். "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றால் உள்ளேயிருந்து, "இருக்கேன் வே" என்று எஞ்சினே பேசுவதுபோலப் பதில் வரும். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய முதுகுதான் பழக்கம். கோவிலில் எதிரே வந்தால் யாரோ என்று போய்விடுவார்கள். அவர் திரும்பி நடந்தால், "அடடே, அண்ணாச்சியா!" என்று கும்பிடுவார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அண்ணாச்சியிடம் சொந்தமாக ஒரு கார் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. திறந்த கார்; நாலு பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கிடைத்த கார் அது ஒன்றுதான். அதில் ஏறி இறங்கிய மாப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் மேலநீலிதநல்லூர் வரைக்கும் போகும். அத்தனை பேருக்கும் கார் ஓட்டிய அண்ணாச்சி மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நான் மாப்பிள்ளையாப் பின்னால உக்காந்தா வண்டிய எவன்வே ஓட்டுவான்?" என்பார்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். எனக்குச் சிவகிரியில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் வடிவு. பெண் பார்க்கப் போன அன்று அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நான் பார்த்தது உச்சி வகிட்டை மட்டும்தான். அந்த வகிடே எனக்குப் பிடித்துப்போயிற்று. வடிவின் அப்பா பருத்தி வியாபாரி. குரல் வெண்கலம். நிச்சயத்தன்று என் அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால மூத்த மாப்பிள சங்கரன்கோவில் காருலதான் ஊர்வலம் வந்தாரு. இளையவரும் அதே காருலதான் வரணும். ரெண்டு மகளுக்கும் ஒரே தராசு."

"கார் வந்துரும். ஒருவேள வரலேன்னா?" என்று என் அப்பா வேடிக்கையாகக் கேட்டார்.

"வரலேன்னா வேற மாப்பிள வருவாரு" என்றார் அவர். அப்பா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

ஆனி மாசமே அண்ணாச்சியின் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் காரைப் பேசி முடித்துவிட்டோம். வெற்றிலையை வாங்கி மென்றுகொண்டே, "உமக்கு இல்லாத காரா வாத்தியாரே" என்றார். பிழை எதுவும் அதுவரை நடக்கவில்லை.

மதுரையிலிருந்து அவருக்கு வந்த ஒரு ஸ்பேர் பார்ட் பார்சலில்தான் சனியன் வந்து சேர்ந்தது. சாமானைச் சுற்றி வந்த காகிதம் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் கிழிசல். அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரேஸ் கார் படம். நீள மூக்கு, கூர் வால், பக்கவாட்டில் ஏழு என்று பெரிதாக நம்பர். உள்ளே கண்ணாடி மாட்டிக்கொண்டு குல்லா போட்ட ஓர் ஆள், தனியாக உட்கார்ந்திருந்தான். எந்தத் தேசத்துக் கார், யார் செய்தது என்கிற விவரமெல்லாம் கிழிந்து மதுரையிலேயே தங்கிவிட்டது. ஸ்பேர் பார்ட்டை மூலையில் போட்டுவிட்டு அண்ணாச்சி அந்தக் காகிதத்தை நீவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனுஷர் முதல் தடவையாகக் காதலில் விழுந்தார்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு ஆள் வந்தது.

"வாத்தியாரே, இந்தப் படத்த நம்ம கொட்டகைச் செவத்துல நெசக் காரு அளவுக்குப் பெரிசாப் போட்டுத் தர முடியுமா?"

முடியுமாவா? ஏழாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடமே அதுதான். சின்னப் படத்தில் சின்னக் கட்டம், சுவரில் பெரிய கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைய வேண்டும். நாலு சாயங்காலம் கரித்துண்டோடு நின்று வரைந்தேன். சுவர் நீளமாக இருந்தது; நானும் மூக்கைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். மூக்கு நுனிக்கு வந்தபோது அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"இங்கன கறுப்பா ஒரு வட்டம் இருக்கே. ஓட்டையா?"

"நிழல் அண்ணாச்சி."

"நல்லாப் பாத்துச் சொல்லும்."

"நிழல் எது, ஓட்டை எதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே சர்க்கார் எனக்குச் சம்பளம் குடுக்கு!"

"படிச்சவக சொன்னாச் சரிதான்" என்று அடங்கிவிட்டார். நான் அந்த இடத்தில் அழகாக நிழல் தீட்டினேன். அழகுக்காகத்தான் வரையச் சொல்கிறார் என்று நினைத்தேன்; சத்தியமாக வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து எதேச்சையாகக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். நடுவில் உரித்த கோழி மாதிரி ஒரு கார் நின்றது. நாலு சக்கரம், அடிச்சட்டம், எஞ்சின், ஸ்டியரிங். மேலே ஒன்றும் இல்லை.

"இது யாரு காரு அண்ணாச்சி?"

"நம்ம காருதான்."

"நம்ம காருன்னா?"

"கல்யாணக் காரு."

நான் ஓர் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஆவணியில எனக்குக் கல்யாணம்!"

"ஆவணியிலதான? ஆடியில எவன்வே தாலி கட்டுதான்? ஒரு மாசம் வண்டி சும்மா நிக்கி. அதுக்குள்ள மேல மட்டும் மாத்திருவேன்."

"நான் போட்ட படத்துக்கு என் கல்யாணக் காரையே அறுத்துட்டீகளே!"

"நீரு படம் போட்டுத் தராட்டா நான் எதுக்கு அறுக்கப் போறேன்?" என்றார்.

கோமதியம்மன் தவமிருக்கும் ஆடித்தபசுத் திருவிழா ஊரில் எல்லாருக்கும் வந்தது. எனக்கு அந்த மாசம் முழுவதும் தபசுதான். அம்மனைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி, கார் எலும்புக்கூட்டையும் பார்த்துவிட்டுப் போயிற்று. இளையரசனேந்தலிலிருந்து வந்த சம்சாரி ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து, "இது ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடவா? பறக்கும்" என்றார் அண்ணாச்சி.

"அப்பம் சக்கரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் கோவிலில் காணிக்கை போட உப்பு மிளகு வாங்கப் போய்விட்டார்.

எண்ணெய் பீப்பாய்களை வெட்டித் தட்டி உடம்பு செய்தார். மூக்குக்கு எந்தத் தகரமும் வளைந்து கொடுக்கவில்லை. கடைசியில் விளிம்பு கிழிந்த ஒரு கல்யாண அண்டாவை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அதன் அடியை மூக்காக மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. ரேடியேட்டர் ஒழுகியபோது கோமதியம்மன் புற்றுமண்ணைக் குழைத்து அப்பினார். "தீராத நோயெல்லாம் தீருது, இது தீராதா?" என்றார். தீர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எதைக் கேட்டாலும் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதம் வெளியே வரும்.

"கதவு எங்க அண்ணாச்சி? பட்டு வேட்டியோட நான் எப்படி ஏறுவேன்?"

"படத்துல கதவு இல்ல. தாண்டிக் குதியும்."

"மேல கூரை?"

"படத்துல இல்ல."

"பின் சீட்டு? என் கூட மச்சினன் உக்காரணுமே. அதுதான முறை!"

"முறை உம்ம வீட்ல. படத்துல பின்னால வாலுதான் இருக்கு."

ஹார்னைக்கூடக் கழற்றிவிட்டார். படத்தில் தெரியவில்லையாம். ஆள் குறுக்கே வந்தால், "ஏலே, ஓரம்!" என்று தானே கத்துவது என்று முடிவாயிற்று. பெயிண்ட் அடிக்கும்போதுதான் எங்களுக்குள் பெரிய சண்டை. படம் கறுப்பு வெள்ளை. கார் அதில் சாம்பல் நிறமாக இருந்தது. ஆகவே சாம்பல்தான் அடிப்பேன் என்றார். மங்கல காரியத்துக்குச் சாம்பல் நிறக் காரா? சிவப்பைப் போட்டோ பிடித்தால் சாம்பலாகத்தான் தெரியும் என்று இரண்டு மணி நேரம் வாதாடிச் சிவப்பு வாங்கினேன். அந்தக் கார் விஷயத்தில் நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

ஆடி கடைசி நாளன்று வெள்ளோட்டம். சத்தம் கேட்டு பஜாரில் எல்லாரும் கடையை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள். வந்து நின்று, வெற்றிலை போட்டு, மென்று துப்பிய பிறகுதான் கார் வந்தது. மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் அந்தப் பழைய எஞ்சின் போகாது. சத்தம் மட்டும் பத்து மைல் முன்னால் போகும். அண்ணாச்சி வெல்டிங் கண்ணாடியும், மார்கழி பஜனைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாவும் மாட்டியிருந்தார். படத்தில் அப்படித்தான் இருந்தது. அன்றுதான் ஊர் அவருடைய முகத்தை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும், அதையும் மூடிக்கொண்டுவிட்டார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் சொந்தபந்தமெல்லாம் பஸ்ஸில் ஏற, நான் காருக்குள் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் தாண்டிக் குதித்தேன். சிவகிரி ரோட்டில் கார் நன்றாகவே ஓடியது. அடிவழியாகக் காற்று ஏறிக்கொண்டிருந்ததால் எஞ்சின் சூட்டைத் தாங்கியது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எனக்கோ மாமனாரின் நிபந்தனைதான் நினைப்பு. மாமனார் காரைப் பார்த்து, "இது நான் சொன்ன கார் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகிட்டோடு என் கதை முடிந்தது.

பிள்ளையார் கோவில் வாசலில் மாமனார் மாலையோடு நின்றார். காரைப் பார்த்ததும் மாலை ஒரு முழம் கீழே இறங்கியது.

"இது என்னதுவே?"

அண்ணாச்சி குல்லாவைத் தூக்கி வணக்கம் சொன்னார். "மூத்த மாப்பிள வந்த அதே காருதான் முதலாளி. அதே சட்டம், அதே எஞ்சின், அதே நாலு சக்கரம். குனிஞ்சு பாருங்க. தராசு ஒண்ணுதான்."

மாமனார் நிஜமாகவே குனிந்து பார்த்தார். வியாபாரி அல்லவா? சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டு நம்பரைக் காட்டி, "ஏழுன்னு போட்டிருக்கே. ஏழரைக்கு இன்னும் அரைதான பாக்கி?" என்றார்.

"அந்த அரை படத்துல இல்ல" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை, ஆனால் மாலையைப் போட்டார். வித்வான் நாதஸ்வரத்தை எடுத்தார். ஊர்வலம் கிளம்பியது.

இங்கேதான் நானும் அண்ணாச்சியும், ஒரு மாசமாக அந்தக் காரைச் சுற்றி நின்று யோசனை சொன்ன ஊர் முழுவதும், மறந்துபோன ஒரு விஷயம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் என்பது மேளத்துக்குப் பின்னால் நடையாக நடப்பது. வித்வான் பத்தடி வைப்பார், நின்று ஒரு ராகம் வாசிப்பார், மறுபடி பத்தடி. கார் அவர் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். ரேஸ் காரின் மூக்கோ, நிழல் என்று நம்பி முழுசாக அடைத்த மூக்கு. எஞ்சினுக்குக் காற்று போக வழியில்லை; ஊர்ந்து போனால் அடிவழியாகவும் காற்று ஏறாது.

முதல் ராகத்திலேயே மூக்கு முனகியது. இரண்டாவது ராகத்தில் பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி. கார் நின்றுவிட்டது. கல்யாணச் சமையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது அண்டால்லா! நல்லாக் கொதி வந்திருச்சு. அரிசியப் போட்டுரலாமா?"

சிவகிரியே சிரித்தது. வீட்டு வாசல்களில், ஜன்னல்களில், மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரின் முகம் மட்டும் காரைவிடச் சிவப்பாக இருந்தது. அத்தனை சொந்தக்காரர் முன்னால் வெண்கலக் குரலில் கத்தினார்.

"காத்து போக வழியில்லாம மூக்க அடைச்ச மடையன் எவன்வே?"

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். என்னை ஒரு தடவை பார்த்தார். கொட்டகைச் சுவர், கரித்துண்டு, சர்க்கார் சம்பளம் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. 'நான்தான்' என்று சொல்ல எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாலை கனம் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன்.

"நான்தான் முதலாளி" என்றார் அண்ணாச்சி. "படத்துல ஓட்டைதான் இருந்திச்சு. நான் நிழலுன்னு நெனச்சிட்டேன். வாத்தியாரு அப்பமே சொன்னாரு, நான்தான் கேக்கல."

தொழில்காரன் ஒருவன் ஊர் முழுவதற்கும் முன்னால் தொழில் தெரியாதவன் என்று தன்னையே சொல்லிக்கொள்வது சாதாரண விஷயமா? அதுவும் அந்தக் காரை வைத்து. அவரோ அதற்குள் தண்ணீர் கேட்டு வாங்கி ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இப்பம் என்ன செய்ய?" என்று மாமனார் பல்லைக் கடித்தார்.

"நடந்தாத்தான் கொதிக்கும். ஓடினாக் கொதிக்காது. மேளம் ஓடட்டும்."

"நான் ஓடுததா?" என்று வித்வான் சீறினார். "மூணு தலைமுறை வாசிப்பு! நாங்க நின்னு வாசிக்கிற பரம்பரை!"

மாமனார் தெருவைப் பார்த்தார். ஊர் முழுவதும் வாசலில் நின்றது. மூத்த மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இதில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லை என்பது அந்த வியாபாரிக் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"வித்வானே, இன்னைக்கு ஓடும்வே! நானும் வாரேன்!"

தவில்காரர் இளவட்டம்; முதலில் அவர்தான் ஓடினார். வித்வான் வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் "ஏலே, ஓரம்! ஏலே, ஓரம்!" என்று கத்திக்கொண்டு அண்ணாச்சி. அதற்குப் பின்னால் மாமனார், மச்சினன், சீர்த்தட்டோடு பெண்கள், நாய்கள். ஒரு மணி நேர ஊர்வலம் பத்து நிமிஷத்தில் பெண் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நல்ல நேரம் பிறக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நின்றால் கொதித்துவிடும்.

"இன்னொரு சுத்து!" என்று கத்தினார் மாமனார். மூச்சு வாங்கியது, ஆனால் அப்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் மூன்று சுற்று. முதல் சுற்றில் பெண் வீட்டு ஜன்னலில் ஒரு வகிடு தெரிந்தது. இரண்டாம் சுற்றில் கண் தெரிந்தது. மூன்றாம் சுற்றில் வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தவும் மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் கையை ஆட்டிச் சிரித்தேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த மூன்றாம் சுற்றில்தான் ஆரம்பித்தது.

மறுவீடு முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். மூக்கில் அழகான ஓர் ஓட்டை போட்டிருந்தார். தலை பானட்டுக்குள் இருந்தது. முதுகைப் பார்த்தே கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி உண்மையச் சொல்லல?"

"மாப்பிள மடையன்னு மாமனாருக்குக் கல்யாணத்துக்கு முந்தியே தெரியலாமா? பொறவு தானாத் தெரிஞ்சிரும்."

அதற்கப்புறம் அந்தக் காரில்தான் வருவேன் என்று மாப்பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். மூக்கில் ஓட்டை விழுந்த பிறகும் மேளத்தை ஓடச் சொன்னவர்கள் உண்டு. வித்வான் மட்டும் அண்ணாச்சி கார் என்றால் முன்கூட்டியே செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, பிரசவத்துக்குச் சிவகிரி போன வடிவையும் எங்கள் மூத்த மகளையும் அழைத்துவரப் புறப்பட்டேன். பஸ்ஸில் போகலாம் என்று ஸ்டேஷன் ரோட்டில் நடந்தபோது, "ஏலே, ஓரம்!" என்று சத்தம். ஏழாம் நம்பர் கார் வந்து நின்றது.

அதன் வாலைக் காணவில்லை. ஒரு மாசம் தட்டித் தட்டி, நாலு தடவை பிரித்துச் செய்த அந்தக் கூர் வாலை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பெண்ணும் பிள்ளையும் உட்காருகிற அளவுக்கு ஒரு சீட் போட்டிருந்தார். இலவம்பஞ்சு மெத்தை. மேலே வெயில் படாமல் ஒரு குட்டிக் கூரை. பக்கத்தில் தாண்டிக் குதிக்க வேண்டாதபடி ஒரு கதவு. பழைய ஹார்ன்கூட மறுபடி வந்திருந்தது.

நான் சுற்றி வந்து பார்த்தேன். "அண்ணாச்சி, இதெல்லாம் படத்துல இல்லையே?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காகிதத்தை வெளியே எடுக்கவில்லை.

"படத்துல இருக்கவன் தனியாளுவே" என்றார். "ஏறும்."

திரும்பி வரும்போது பருத்தி வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக எங்களை முந்திக்கொண்டு போயின. சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் அண்ணாச்சி ஒரு தடவைகூட "ஏலே" என்று சத்தம் போடவில்லை, ஹார்னையும் தொடவில்லை. பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.